பழைய கன்சிலும் பாலிக் புலாவ் மேடும்

பினாங்கில், ஜார்ஜ்டவுனிலிருந்து பாலிக் புலாவுக்கு மூன்று வழிகள் உண்டு. பாயா தெருபோங் பக்கமிருந்து ஜாலான் துன் சார்டோன் ஏறி மலையைக் கடந்து வரலாம். தெலுக் பாஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் நீர்வீழ்ச்சியை ஒட்டி வளைந்து வளைந்து வரலாம். தெற்கே தெலுக் கும்பார் சுற்றி கெந்திங் மேடு ஏறி இறங்கியும் வரலாம். எந்த வழியில் வந்தாலும் ஏற்றம் தப்பாது. பாயான் லெப்பாஸின் சமதளத்தில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் கோளாறு, துன் சார்டோன் மேட்டில் டுரியான் கடைகளைத் தாண்டுவதற்குள் வெளியே வந்துவிடும். அதனால்தான் இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழைய காரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருக்க வேண்டும்.

பழைய சின்ன கார் என்றதும் இங்கே முதலில் நினைவுக்கு வருவது பெரோடுவா கன்சில். 1994ல் வந்தது, 2009 வரை தயாரானது. ஜப்பானின் டைஹாட்சு மீராதான் இதற்கு அடிப்படை. 660 சிசி, 850 சிசி என இரண்டு என்ஜின்கள். இரண்டுமே மூன்று சிலிண்டர். எடை சுமார் 700 கிலோதான். அடுத்து கெலிசா, 2005ல் மைவி, பிறகு விவா. ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு ரோட் டேக்ஸ் ஆண்டுக்கு 20 வெள்ளி. புதுக் கார் என்றால் ஒன்பது ஆண்டு வரை தவணை கட்ட வேண்டியிருக்கும். கடனில்லாமல் வாசலில் நிற்கும் இருபது வயது கன்சிலை ஒரு குடும்பம் விடாமல் வைத்திருப்பதில் நல்ல கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கெடுப்பது காரின் வயதல்ல; ஒரே கோளாறுக்குத் திரும்பத் திரும்பச் செலவழிப்பதுதான்.

இன்னொரு விஷயத்தையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2009 அக்டோபரில் மலேசிய அரசு தேசிய வாகனக் கொள்கையைத் திருத்தி அறிவித்தபோது, பதினைந்து வயதைத் தாண்டிய கார்களை ரோட் டேக்ஸ் புதுப்பிக்கும்போது கட்டாயமாகச் சோதிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எதிர்ப்பு கிளம்பவே அது அடுத்த மாதமே கைவிடப்பட்டது. பழைய கார் வைத்திருக்கும் ஏழை எளியவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதன் மறுபக்கம் என்னவென்றால், சொந்தக் காரை ஆண்டுதோறும் படுத்துப் பார்த்து, பிரேக் பிடிக்கிறதா என்று சோதிக்க யாரும் வரமாட்டார்கள். அந்தச் சோதனையாளர் நீங்கள்தான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு கோளாறு திரும்பி வந்தால், போன தடவை மாற்றியது நோயை அல்ல, நோயின் அடையாளத்தை. பேட்டரி இறங்கியது, பேட்டரி மாற்றினோம். சூடு ஏறியது, தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கினோம். எது கெட்டது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, எப்போது கெடுகிறது என்று முதலில் கேளுங்கள். காலைக் குளிரிலா, வெயிலிலா? நிற்கும்போதா, ஏறும்போதா? மழை பெய்த மறுநாளா? ஏர்கண்டிஷன் போட்டதுமா? இந்த ‘எப்போது’ தெளிவானால் பாதி பழுது முடிந்த மாதிரி. அதற்குக் காசும் செலவில்லை.

சூடு

பழைய சின்ன காரைக் கொல்வதில் முதலிடம் சூட்டுக்குத்தான். ஒரு தடவை நன்றாகக் கொதித்துவிட்டால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பெரிய செலவு.

வண்டி நெரிசலில் நிற்கும்போது ஊசி ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை என்று பொருள். விசிறியைப் பாருங்கள். விசிறியின் மோட்டார், அதன் ரிலே, ஃபியூஸ், சூட்டை உணர்ந்து அதை இயக்கும் சுவிட்ச் என்று நாலைந்து இடங்களில் குறை இருக்கலாம். சுவிட்சின் ஒயர் முனையைக் கழற்றி, இரண்டு கம்பி உள்ளதானால் அவற்றை ஒரு சிறு ஒயரால் இணைத்து, சாவியைப் போட்டுப் பாருங்கள். விசிறி சுற்றினால் மோட்டார் நல்லது, சுவிட்ச்தான் கெட்டது. சுற்றாவிட்டால் சுவிட்சை மாற்றிப் பயனில்லை. ஐந்து நிமிட வேலை, தேவையில்லாத ஒரு பாகத்தை வாங்காமல் தடுத்துவிடுகிறது.

நெரிசலில் ஒன்றும் இல்லை, மேடேறும்போதுதான் ஏறுகிறது என்றால் கதை வேறு. விசிறி நன்றாக இருக்கிறது. ஆனால் என்ஜின் முழு பலத்தோடு உழைக்கும்போது பிறக்கும் சூட்டை ரேடியேட்டரால் வெளியேற்ற முடியவில்லை. உள்ளே குழாய்கள் துருவாலும் சுண்ணாம்புப் படிவாலும் அடைத்திருக்கலாம். வெளியே இருக்கும் மெல்லிய தகடுகள் உப்புக் காற்றில் பொடிந்திருக்கலாம். கோலா சுங்கை பினாங், புலாவ் பெத்தோங் போன்ற கரையோரக் கம்பங்களில் நிற்கும் கார்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விரலால் தடவும்போது தகடு மாவாக உதிர்ந்தால், எவ்வளவு கழுவினாலும் பயனில்லை. அந்த ரேடியேட்டரின் காலம் முடிந்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்னால், ஆறிப்போன என்ஜினில், காலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து கையில் எடுத்துப் பாருங்கள். மேலே 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் இருக்கும். அது அழுத்தத்தின் அளவு. அடியில் ஒரு ரப்பர் வளையம். புதிதாக இருக்கும்போது நகத்தால் அழுத்தினால் உள்ளே போய் மீண்டு வரும். பழசானதில் வளையம் கல்லாகி, ரேடியேட்டரின் கழுத்து பதிந்த தடம் ஒரு பள்ளமாகத் தெரியும். நடுவில் நாணயம் அளவில் ஒரு சிறு வால்வு. அதை மெல்ல இழுத்தால் சுருள்வில் விசையோடு திரும்ப வேண்டும். அதைச் சுற்றிச் சேறு போல் பழுப்பு நிறப் படிவு இருந்தால், உள்ளே ஓடுவது கூலண்ட் அல்ல, துரு கரைந்த குழாய்த் தண்ணீர். இந்த மூடியின் வேலை அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 0.9 அழுத்தத்தில் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்த 18 டிகிரி பாதுகாப்பு போய்விடும். சமதளத்தில் தெரியாது, மேட்டில் தெரியும். ரேடியேட்டரையே மாற்றச் சொன்ன இடத்தில் மூடியை மாற்றியதும் சரியான கார்கள் உண்டு. ஆகவே மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

தெர்மோஸ்டாட் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். “நம்ம ஊரு வெயிலுக்கு இது வேணாம்” என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் உரிய சூட்டை எட்ட நெடுநேரம் பிடிக்கும். அதுவரை பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரமும் கரியும் சேரும், சிலிண்டர் சுவர் தேயும். அதோடு, அடைத்துப்போன ரேடியேட்டர் என்ற உண்மையான நோயும் சில மாதங்கள் மறைந்து கிடக்கும். தெர்மோஸ்டாட் சந்தேகமாக இருந்தால் வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, நூலில் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன் மேலேயே 82 அல்லது 88 என்று டிகிரி பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும்போது நன்றாகத் திறந்திருந்தால் அது நல்லது, திரும்பவும் பூட்டிக்கொள்ளலாம்.

தரையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது என்றால் கவலைப்பட வேண்டும். ஆறின என்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால், சிலிண்டருக்குள் எரிந்த வாயு கேஸ்கெட் வழியாகத் தண்ணீருக்குள் நுழைகிறது. உறுதிசெய்ய ஒரு கருவி உண்டு: நீல நிறத் திரவம் உள்ள கண்ணாடிக் குழல். ரேடியேட்டர் வாயில் வைத்து ஆவியை உறிஞ்சும்போது, எரிந்த வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாக மாறும். ஹெட்டைப் பிரிப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆயில் மூடியின் அடியில் வெள்ளையாகப் பால்போல் படிந்திருப்பதை மட்டும் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். தினமும் மார்க்கெட் வரை மட்டும் போய்த் திரும்பும் காரில் ஈரம் ஆவியாகாமல் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால் நிறமாக இருந்தால்தான் ஆபத்து.

மேட்டில் ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டால் ஏர்கண்டிஷனை நிறுத்தி, ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். ஹீட்டரைப் போடு என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும். நம் ஊர்ச் சின்ன கார்கள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பேட்டரி மேல் பழி

ஆண்டுக்கு ஒரு பேட்டரி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த வெயிலில் பேட்டரி இரண்டு, இரண்டரை ஆண்டு உழைத்தால் சரிதான். ஆனால் ஓராண்டில் போனால் அது பேட்டரியின் குற்றமாக இருக்க வாய்ப்புக் குறைவு. இருபது முப்பது வெள்ளிக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். பழைய கார் வைத்திருக்கும் வீட்டில் இருக்க வேண்டிய ஒரே கருவி என்னவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இரவு நிறுத்திய காரில், காலையில் சாவி போடும் முன், பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்து அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழ் என்றால் கிட்டத்தட்ட காலி. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. ஸ்டார்ட் ஆனபின் 13.8க்கும் 14.4க்கும் இடையில் நிற்க வேண்டும். இப்போது ஹெட்லைட்டைப் போடுங்கள், ஏர்கண்டிஷனைப் போடுங்கள். 13க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டர் தேவையான மின்சாரம் தரவில்லை. பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது உள்ளே இருக்கும் கரித்துண்டு பிரஷ்கள். அவை தேய்ந்தால் முழு ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டியதில்லை. கார் ஒயரிங் கடையில் பிரஷ் மட்டும் மாற்றித் தருவார்கள். மாறாக 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட காரில் எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் வீண்.

எல்லா எண்ணும் சரி, ஆனாலும் ஸ்டார்டர் ‘கட கட’ என்று மட்டும் சத்தம் போடுகிறதா? எர்த் ஒயரைப் பாருங்கள். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து என்ஜினுக்கும் போகும் தடித்த ஒயர் அது. ஸ்டார்டருக்குப் போகும் அத்தனை மின்சாரமும் இதன் வழியாகத்தான் திரும்ப வேண்டும். கடல் காற்றில் இதன் முனை பச்சைப் பொடியாகப் பூத்து, வெளியே நன்றாகத் தெரிந்தாலும் ரப்பருக்குள் செம்பு இழைகள் அரித்துப் போயிருக்கும். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை என்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வைத்துக்கொண்டு, யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் மின்சாரம் தடைபடுகிறது. ஒயரைக் கழற்றி, முனைகளையும் அது உட்காரும் உலோகத்தையும் எமரித்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். ஸ்டார்டர், பேட்டரி, ஆல்டர்னேட்டர் மூன்றும் புதிதாகப் போட்ட பிறகும் தீராத கோளாறு இந்த ஒரு மணி நேர வேலையில் தீர்வது உண்டு. மங்கலான விளக்கு, தாறுமாறாக ஆடும் ஊசிகள், தானாக ஏறி இறங்கும் ஐடில் என்று தொடர்பில்லாத பல குறைகள் ஒரே நேரத்தில் தோன்றினாலும் முதல் சந்தேகம் எர்த் மேல்தான் இருக்க வேண்டும்.

ஒரு நாள் ஓட்டாமல் விட்டால் மட்டும் பேட்டரி இறங்குகிறதென்றால், அணைத்த பிறகும் ஏதோ ஒன்று மின்சாரம் குடிக்கிறது. பிற்பாடு பூட்டிய அலாரம், ரேடியோ, டேஷ்கேமராதான் பெரும்பாலும் காரணம். மைனஸ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரை அதன் 10 ஆம்பியர் துளையில் சேர்த்து, சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழ் இருந்தால் குறையில்லை. அதிகமாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த வழியில்தான் கசிவு. மீட்டர் சேர்ந்திருக்கும்போது மட்டும் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டர் கருகும்.

நடுக்கம், திக்கல்

மூன்று சிலிண்டர் என்ஜினில் ஒன்று எரியாவிட்டால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஸ்டீயரிங் உங்கள் கையில் உதறும். கண்டுபிடிப்பது எளிது. மைவி போன்ற கார்களில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனி காயில் இருக்கும். சந்தேகமான சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். நடுக்கம் அந்தச் சிலிண்டருக்கு இடம் மாறினால் காயில் கெட்டது. பழைய இடத்திலேயே நின்றால் காயிலைக் குறை சொல்ல முடியாது, பிளக்கையும் இஞ்செக்டரையும் பாருங்கள். செலவே இல்லாத இந்த இடமாற்று வித்தையை ரிலே, பிளக் என்று ஒரே மாதிரி இரண்டு பாகம் இருக்கும் எந்த இடத்திலும் பயன்படுத்தலாம்.

கன்சிலில் டிஸ்ட்ரிபியூட்டர் உண்டு. இரவெல்லாம் மழை பெய்து, காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்து, வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காதது போல் ஓடினால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்குகிறது, அல்லது பிளக் ஒயர் வெடித்திருக்கிறது. இருட்டில் போனட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். ஒயரின் மேல் நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் வைக்காதீர்கள்.

பிளக்கைக் கழற்றினால் அதன் நுனியும் பேசும். இளம் பழுப்பு நிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம்: கார்பரேட்டர் காரில் சோக் முழுதாகத் திறக்கவில்லை, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஈரமான ஆயில் என்றால் வால்வு சீலோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது. வெள்ளை என்றால் பெட்ரோல் போதாமல் சூடாக எரிகிறது. கார்பரேட்டரைச் சுற்றி ஓடும் சின்ன ரப்பர் குழாய்கள் இந்த வயதில் கட்டாயம் வெடித்திருக்கும். ஐடில் மேலும் கீழும் ஆடும்போது ஒவ்வொரு குழாயாக இடுக்கியால் மெல்லக் கிள்ளுங்கள். எதைக் கிள்ளியதும் என்ஜின் சீராகிறதோ அந்தக் குழாய் வழியாகத்தான் காற்று புகுகிறது. மீட்டர் கணக்கில் குழாய் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது மலிவு. கார்பரேட்டரைப் பிரிக்கும் எண்ணம் அதற்குப் பிறகு வரட்டும்.

மேட்டில் இழுக்கவில்லை என்ற புகாரிலும் ‘எப்போது’தான் பதில். ஏறத் தொடங்கி ஓரிரு நிமிடம் நன்றாக இழுத்து, பிறகு மூச்சு முட்டி, காலை எடுத்து விட்டுப் பிடித்தால் மறுபடி கொஞ்சம் இழுத்தால், பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரவில்லை: ஃபில்டர் அல்லது பம்ப். என்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. என்ஜினில் எதைத் தொட்டும் பயனில்லை. தொடக்கத்திலிருந்தே சோம்பலாக இருந்தால் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள்.

செக் என்ஜின் விளக்கு உள்ள கார்களில் ஸ்கேனர் ஓர் எண் தரும். அந்த எண் எந்தச் சென்சார் முறையிட்டது என்று சொல்கிறதே தவிர, அந்தச் சென்சாரை மாற்று என்று சொல்லவில்லை. ஆக்சிஜன் சென்சார் முறையிட்டால், வெடித்த குழாய் வழியாகக் காற்று புகுவதைத்தான் அது உண்மையாகச் சொல்லியிருக்கலாம்.

இறக்கம்

மற்றதிலெல்லாம் சிக்கனம் பாருங்கள், பிரேக்கில் வேண்டாம். தித்தி கெராவாங்கிலிருந்தோ துன் சார்டோனிலிருந்தோ இறங்கும் கார் நெடுநேரம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க்கும் டிரம்மும் பழுக்கச் சூடாகும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. டாட் 3 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் சேர்ந்த பிறகு அது 140 வரை இறங்கலாம். கொதித்தால் ஆவி, ஆவி நசுங்கும். பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. நம் ஊர் ஈரத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை முழுதாக மாற்றியே ஆக வேண்டும். மேலே கொஞ்சம் ஊற்றிச் சரிக்கட்டுவது மாற்றியதாகாது. ஆயில் அளவு அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது, அல்லது பேட் தேய்ந்துவிட்டது. பின் டிரம்மின் உள்ளே வீல் சிலிண்டரின் ரப்பர் கசிந்தால், சக்கரத்தின் உள்புறம் ஈரமாகத் தெரியும்.

கார் ஒரு பக்கம் இழுக்கிறதா? பிரேக் அதிகம் போடாமல் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே கேலிப்பர் சிக்கி, பேட் விடாமல் உரசுகிறது. பெரும்பாலும் கேலிப்பர் நழுவும் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் போட்டாலே போதும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோ கியர் என்றால் டி-யிலிருந்து தாழ்த்திக்கொள்ளுங்கள். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

பாகமும் பட்டறையும்

பட்டறைக்குப் போனதும் “அண்ணே, ஆல்டர்னேட்டர மாத்திடுங்க” என்று சொன்னால் மாற்றிவிடுவார்கள், கேட்டதைத்தானே செய்தார்கள். அதற்குப் பதில், “அண்ணே, ராத்திரி லைட்டும் ஏர்கோனும் போட்டா டேஷ்போர்டு மங்குது, பகல்ல ஒன்னும் இல்ல” என்று சொல்லிப் பாருங்கள். போர்மேன் தமிழரானாலும் சீனரானாலும் மலாய்க்காரரானாலும், நல்லவர் என்றால் இந்தப் பேச்சிலேயே காது கொடுப்பார். ஒரே நாளில் மூன்று பாகத்தை மாற்ற விடாதீர்கள். எது சரிசெய்தது என்று கடைசி வரை தெரியாமல் போகும். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். என்ன மாற்றியது, எத்தனை கிலோமீட்டரில் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த நோட்டுதான் அடுத்த போர்மேனுக்கு உங்கள் காரின் மருத்துவச் சீட்டு.

கன்சில், மைவி வைத்திருப்பவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. இவற்றின் ஜப்பானிய உடன்பிறப்புகளான மீரா, பூன் கார்களின் பாகங்கள், வெட்டி இறக்கிய பழைய கார்களை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் கிடைக்கின்றன. ஆல்டர்னேட்டர், ஸ்டார்டர், டிஸ்ட்ரிபியூட்டர், கண்ணாடி, கதவு, சில நேரம் கியர்பாக்ஸ் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். ஜப்பானில் ஓடிய பாகம் பல சமயம் மலிவான புதுப் போலியைவிட நன்றாக உழைக்கும். ரப்பர் சம்பந்தப்பட்டது எதையும் பழையதாக வாங்காதீர்கள்: பெல்ட், ஹோஸ், பிரேக் கப், மவுண்டிங். வாட்டர் பம்பும் புதிதாகவே இருக்கட்டும். கன்சிலுக்கு டைமிங் பெல்ட் உண்டு. எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாத கார் கையில் வந்தால், வேறெதற்கும் முன் அதை மாற்றிவிடுங்கள். முதல் தலைமுறை மைவிக்குச் செயின் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் ஆயிலைக் காலத்தில் மாற்றாவிட்டால் செயினும் நீளும். என்ஜினையே மாற்றுவதென்றால், புஸ்பாகோம் வாகனச் சோதனையும் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் என்ஜின் எண் மாற்றமும் முடியாமல் ஓட்டாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிட்டுவிடும்.

‘கடக் கடக்’ சத்தங்களை நீட்டிப் பேச வேண்டியதில்லை. முழுதாக வளைக்கும்போது டிக் டிக் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். பள்ளத்தில் விழும்போது மட்டும் என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது அப்சார்பர். கியர் போட்டதும் உதறினால் என்ஜின் மவுண்டிங். டிரைவ் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்தவுடனே அதை மட்டும் மாற்றிவிட்டால் ஜாயிண்ட் பிழைக்கும்.

எவ்வளவு செலவு செய்யலாம் என்பதை முடிவு செய்வது என்ஜின் அல்ல, இரும்பு. கால்மிதியைத் தூக்கி, கம்பளத்துக்கு அடியில் தரையைப் பாருங்கள். மழை பெய்து இரண்டு நாள் கழித்தும் ஈரமாக இருந்தால் கதவு ரப்பரோ கண்ணாடி ரப்பரோ ஒழுகுகிறது. ஒரு ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, பொத்தென்று அமுங்கினால் துரு தின்றுவிட்டது. தரைத் தகடு மட்டும் என்றால் வெட்டி ஒட்டலாம். ஆனால் சீட் பெல்ட் பூட்டிய இடமும், முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் மேடையும், பின் ஆர்ம் பிடித்திருக்கும் இடமும் பொத்தலாகிவிட்டால், எவ்வளவு நல்ல என்ஜின் இருந்தாலும் அந்தப் பாடியில் இனி ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள். என்ஜினையும் கியர்பாக்ஸையும் துரு பிடிக்காத கன்சில் வைத்திருக்கும் இன்னொருவருக்கு விற்பதாக இருந்தால் எண் மாற்றத்தை ஜேபிஜேயில் சேர்ந்தே முடித்துக்கொள்ளுங்கள். பாடியின் பதிவையும் அங்கேயே ரத்து செய்துவிடுங்கள்.